கப், ஸ்பூன், கிராம், மில்லி: சமையல் அளவுகளை மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கப் என்றால் எத்தனை கிராம்?

இந்த விஷயத்தில் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். எதை அளக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். கப் காட்டுவது ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தை. கிராம் காட்டுவது அதன் எடையை. 240 மில்லி பிடிக்கும் ஒரே கப்பை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் ஊற்றினால் 240 கிராம். சர்க்கரை போட்டால் ஏறக்குறைய 200 கிராம். மைதாவைப் பொலபொலவென்று நிரப்பித் தலைதட்டினால் 120 முதல் 125 கிராம். கோகோ பவுடர் 85 கிராம் அளவில் நின்றுவிடும். தேன் 340 கிராமுக்கு ஏறிவிடும். கப் ஒன்றுதான், ஆனால் கோகோவுக்கும் தேனுக்கும் நான்கு மடங்கு வித்தியாசம். அதனால் "ஒரு கப்புக்கு இத்தனை கிராம்" என்று யாராவது ஒற்றை எண்ணைச் சொன்னால், எந்தப் பொருளுக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

தண்ணீருக்கு மட்டும் மில்லியும் கிராமும் ஒன்றாக வருவது எப்படி?

அது தற்செயல் இல்லை. 1795-இல் பிரான்சில் மெட்ரிக் அளவுமுறையைச் சட்டமாக்கியபோது கிராமையே தண்ணீரை வைத்துத்தான் வரையறுத்தார்கள். ஒரு கன சென்டிமீட்டர் சுத்தமான தண்ணீரின் எடை ஒரு கிராம் என்று வைத்தார்கள். ஒரு கன சென்டிமீட்டரும் ஒரு மில்லியும் ஒன்றே. இன்று கிலோகிராமின் வரையறை மாறிவிட்டது. ஆனாலும் சமையலறையில் அந்தப் பழைய சமன்பாடு அப்படியே செல்லும்.

துல்லியமாகப் பார்த்தால் 4 டிகிரி செல்சியஸில்தான் இரண்டும் ஏறக்குறைய முழுமையாகப் பொருந்தும். கொதிநிலையில் தண்ணீர் விரிந்திருப்பதால் 100 மில்லி எடுத்தால் 96 கிராம் அளவே இருக்கும். சாதாரணச் சமையலுக்கு இதைப் பொருட்படுத்த வேண்டாம்.

அப்படியானால் எல்லாத் திரவத்துக்கும் மில்லியைக் கிராமாக எடுத்துக்கொள்ளலாமா?

பாலுக்கு எடுத்துக்கொள்ளலாம். 100 மில்லி பால் 103 கிராம் இருக்கும், அந்த மூன்று கிராம் எதையும் கெடுக்காது. எண்ணெய் தண்ணீரை விட லேசானது. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் 920 கிராம் அளவுக்குத்தான் நிற்கும். கொஞ்சமாக ஊற்றும்போது இந்த வித்தியாசம் தெரியாது. அரை லிட்டர் ஊற்றும்போது 40 கிராம் விலகிவிடும். தேன், சர்க்கரைப் பாகு போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு அறவே செல்லாது. 100 மில்லி தேன் 142 கிராம். "100 கிராம் தேன்" என்று குறிப்பில் இருப்பதைப் பார்த்து 100 மில்லி ஊற்றினால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இனிப்பு சேர்ந்துவிடும்.

ஒரே மாவை ஒரே கப்பில் அளந்தாலும் ஒவ்வொரு முறையும் வேறு எடை வருகிறதே, ஏன்?

கப்பில் மாவு மட்டும் இல்லை, காற்றும் இருக்கிறது என்பதுதான் காரணம். பொடியாகவோ மணியாகவோ இருக்கும் எந்தப் பொருளிலும் துகளுக்கும் துகளுக்கும் நடுவே இடைவெளி உண்டு. சர்க்கரையைப் பாருங்கள். சர்க்கரைப் படிகம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.59 கிராம் எடை கொண்டது. ஆனால் கப்பில் கொட்டிய சர்க்கரை ஒரு மில்லிக்கு 0.85 கிராம்தான் வருகிறது. அதாவது நிரம்பியதாக நாம் நினைக்கும் சர்க்கரைக் கப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான இடம் வெறும் காற்று. சர்க்கரை மணிகள் கெட்டியானவை, ஒன்றன்மேல் ஒன்று உருண்டு தாமாகவே அடங்கிவிடும். அதனால் யார் அளந்தாலும் அந்தக் காற்றின் பங்கு பெரிதாக மாறுவதில்லை.

மாவு அப்படி இல்லை. மிக நுண்ணிய துகள்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டப்பாவில் கொட்டி வைத்த மாவு நாளாக நாளாகத் தன் எடையாலேயே படிந்து இறுகும். அதில் கப்பை நேராக விட்டு அள்ளினால் உள்ளே மேலும் அழுந்தும். அப்படி அள்ளிய கப் 140 முதல் 150 கிராம் வரை போகும். அதே மாவை முள்கரண்டியால் கிளறிவிட்டு, ஸ்பூனால் அள்ளி அள்ளி கப்பில் விழவிட்டு, கத்தியின் முதுகால் தலைதட்டினால் 120-இலிருந்து 125 கிராம். சலித்த மாவை அப்படியே விழவிட்டால் 110 கிராம் பக்கம் வரும்.

ஒரு கப்புக்கு 30 கிராம்தானே என்று தோன்றலாம். நான்கு கப் மாவு போடும்போது ஒருவர் கையில் 480 கிராமும் இன்னொருவர் கையில் 600 கிராமும் வரும். அந்த 120 கிராம் என்பது முழுசாக ஒரு கப் மாவு. தண்ணீரும் வெண்ணெயும் முட்டையும் அதே அளவில் இருக்க, மாவு மட்டும் ஒரு கப் கூடினால் கேக் வறண்டு நொறுங்கும், பிஸ்கட் பரவாமல் கட்டியாக நிற்கும், ரொட்டி மாவு கையில் கல்லாக இருக்கும். பேக்கிங் சரியாக வராதவர்கள் அடுப்பையும் ஈஸ்டையும் சந்தேகிக்கும் முன் மாவு அள்ளும் விதத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு சின்ன விஷயம். "சலித்த மாவு 1 கப்" என்று இருந்தால் முதலில் சலித்து, அப்புறம் அளக்க வேண்டும். "மாவு 1 கப், சலித்துக்கொள்ளவும்" என்று இருந்தால் அளந்துவிட்டுச் சலிக்க வேண்டும். சொற்கள் இடம் மாறினால் எடையும் மாறிவிடும்.

என்னிடம் இருக்கும் கப் எத்தனை மில்லி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தராசு இருந்தால் இரண்டு நிமிட வேலை. காலிக் கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராமே உங்கள் கப்பின் மில்லி. அந்த எண்ணைக் கப்பின் அடியிலேயே எழுதி வையுங்கள்.

இது தேவைப்படுவதற்குக் காரணம், உலகத்தில் கப் என்ற பெயரில் பல அளவுகள் இருப்பதுதான். அமெரிக்கக் கப் 236.6 மில்லி. அதே நாட்டில் உணவுப் பொட்டலங்களின் சத்து விவரத்துக்கு 240 மில்லி என்று வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கப் என்றால் 250 மில்லி. ஜப்பானியச் சமையல் குறிப்புகளில் 200 மில்லி. பழைய பிரிட்டிஷ் குறிப்புகளில் வரும் கப் அரை பைண்ட், அதாவது 284 மில்லி. இவற்றைத் தவிர, ரைஸ் குக்கரோடு வரும் சின்னக் கப் பெரும்பாலும் 180 மில்லி. அதை மற்ற குறிப்புகளுக்கு எடுத்தால் கால் பங்கு குறைந்துவிடும். டீ குடிக்கும் கோப்பையும் காபி மக்கும் இந்தக் கணக்கிலேயே சேராது, அவை எந்த அளவுக்கும் கட்டுப்பட்டுச் செய்யப்பட்டவை அல்ல.

கப் அளவு சரியாகத் தெரியாவிட்டால் குறிப்பே வீணாகிவிடுமா?

இல்லை. ஒரு குறிப்பில் எல்லாமே கப்பில் இருந்தால், எந்தக் கப்பை எடுத்தாலும் விகிதம் மாறாது. 200 மில்லி கப்பால் அளந்தால் பண்டம் கொஞ்சம் குறைவாக வரும், 250 மில்லி கப்பால் அளந்தால் கொஞ்சம் கூடுதலாக வரும், அவ்வளவுதான். கப் முறையின் நல்ல குணமே இதுதான்.

சிக்கல், கப்போடு வேறு அளவுகள் கலக்கும்போது வருகிறது. "2 கப் மாவு, 2 முட்டை, 100 கிராம் வெண்ணெய், 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடர்" என்று இருந்தால் முட்டையும் வெண்ணெயும் உங்கள் கப்புக்கு ஏற்ப வளைந்து கொடுக்காது. அங்கே குறிப்பு எழுதியவரின் கப் எது என்று தெரிந்தே ஆக வேண்டும்.

டேபிள் ஸ்பூன், டீஸ்பூன் எல்லா இடத்திலும் ஒன்றுதானே?

டீஸ்பூன் ஏறக்குறைய எங்கும் 5 மில்லி. டேபிள் ஸ்பூன் பெரும்பாலும் 15 மில்லி, அதாவது மூன்று டீஸ்பூன். ஆஸ்திரேலியாவில் மட்டும் 20 மில்லி, நான்கு டீஸ்பூன். ஜெலட்டின், பேக்கிங் பவுடர் போன்ற பொருட்களில் இந்த மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். சாப்பிடும் ஸ்பூன்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி. அளப்பதற்கென்று ஒரு செட் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. "தலைதட்டி" என்று சொல்லாவிட்டாலும் தலைதட்டித்தான் அளக்க வேண்டும். குவித்து எடுத்தால் ஏறக்குறைய இரண்டு ஸ்பூன் அளவு வந்துவிடும்.

அவுன்ஸ் எடையா, கொள்ளளவா?

இரண்டும்தான், குழப்பத்துக்குக் காரணமும் அதுவே. எடை அவுன்ஸ் 28.35 கிராம், 16 அவுன்ஸ் சேர்ந்தால் ஒரு பவுண்டு, 454 கிராம். திரவ அவுன்ஸ் அமெரிக்காவில் 29.57 மில்லி, பிரிட்டனில் 28.41 மில்லி. தண்ணீர், பால் போன்றவற்றில் இரண்டு அவுன்ஸும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வருவதால் யாரும் கவனிப்பதில்லை. மாவில்தான் மாட்டிக்கொள்வோம். "8 அவுன்ஸ் மாவு" என்றால் 227 கிராம். கண்ணாடி ஜாடியில் 8 அவுன்ஸ் கோடு வரை மாவு நிரப்பினால் வருவது ஒரு கப், 125 கிராம்தான். ஏறக்குறைய பாதி. திடப்பொருளுக்கு அவுன்ஸ் என்று எழுதியிருந்தால் எடை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மில்லியைக் கிராமாக மாற்றும் கணக்கு என்ன?

மில்லியை அந்தப் பொருளின் அடர்த்தியால் பெருக்கினால் கிராம். கிராமை அடர்த்தியால் வகுத்தால் மில்லி. சமையலுக்கு ஏழெட்டு அடர்த்தி தெரிந்தால் போதும்: தண்ணீர் 1, பால் 1.03, எண்ணெய் 0.92, தேன் 1.42, வெண்ணெய் 0.96, சர்க்கரை 0.85, மைதா 0.52, பொடி உப்பு 1.2.

ஓர் உதாரணம். குறிப்பில் 300 கிராம் சர்க்கரை என்று இருக்கிறது, கையில் கப் மட்டும்தான். 300-ஐ 0.85-ஆல் வகுத்தால் 353 மில்லி. 240 மில்லி கப்பில் ஒன்றரைக் கப்புக்கு ஒரு டீஸ்பூன் போலக் குறைத்துப் போட்டால் சரி. மைதாவுக்கு இந்த 0.52 என்பது பொலபொலவென்று நிரப்பினால் வரும் எண் என்பதை மறக்க வேண்டாம். அள்ளி அமுக்குகிற கைக்கு அது 0.6-ஐத் தாண்டும்.

அடிக்கடி தேவைப்படும் எடைகளை ஒரே இடத்தில் சொல்ல முடியுமா?

தலைதட்டிய 240 மில்லி கப்புக்கு, பொருளின் ரகத்தைப் பொறுத்து ஐந்து பத்து கிராம் முன்பின் இருக்கலாம்:

மைதா: 125 கிராம்
சர்க்கரை: 200 கிராம்
பழுப்புச் சர்க்கரை, அழுத்தி நிரப்பியது: 215 கிராம்
பொடித்த சர்க்கரை: 120 கிராம்
கோகோ பவுடர்: 85 கிராம்
ஓட்ஸ்: 90 கிராம்
அரிசி: 190 கிராம்
வெண்ணெய்: 228 கிராம்
எண்ணெய்: 220 கிராம்
பால்: 247 கிராம்
தேன்: 340 கிராம்

சர்க்கரையைப் பொடித்தால் 200 கிராம் இருந்த கப் 120 கிராமுக்கு இறங்கிவிடுகிறது, கவனித்தீர்களா? பொருள் ஒன்றே, துகளின் அளவுதான் மாறியது. அதனால் "1 கப் பொடித்த சர்க்கரை"க்கு ஒரு கப் சர்க்கரையை மிக்ஸியில் போட்டு முழுவதையும் கொட்டாதீர்கள். அரைத்த பிறகு ஒரு கப் அளந்து எடுங்கள்.

இந்தப் பட்டியலை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கப், உங்கள் மாவு, நீங்கள் அள்ளும் விதம் மூன்றும் சேர்ந்துதான் உங்கள் எண்ணைத் தீர்மானிக்கும். ஒரு மாலை நேரம் உட்கார்ந்து, வழக்கமாக அளப்பதுபோல ஒவ்வொரு பொருளையும் மூன்று முறை அளந்து எடை போட்டு, சராசரியை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். இந்த விஷயத்தில் நான் கொடுக்கக்கூடிய மிகப் பயனுள்ள யோசனை இதுதான்.

உப்பைக் கிராமில் அளக்கத்தான் வேண்டுமா?

ஒரே வகை உப்பையே எப்போதும் எடுத்தால், ஸ்பூன் போதும். வகை மாறினால் தராசுதான் காப்பாற்றும். பொடி உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம். செதில் செதிலாக இருக்கும் லேசான கல்லுப்பு வகைகளில் ஒரு டீஸ்பூன் 3 கிராம்கூட இருக்கலாம். செதில் உப்பை வைத்து எழுதிய குறிப்பில் 2 டீஸ்பூன் என்று இருந்து, நீங்கள் பொடி உப்பு 2 டீஸ்பூன் போட்டால், 6 கிராமுக்குப் பதில் 12 கிராம் விழுகிறது. வாயில் வைக்க முடியாது.

உப்புச் சுவைக்காக மட்டும் சேர்க்காமல், பொருள் கெடாமல் காக்கச் சேர்க்கும் இடங்களில் எடைதான் ஒரே வழி. உப்புத் தண்ணீரில் காய்கறி புளிக்கவைக்கும்போது உப்பின் சதவிகிதம் குறைந்தால் வேண்டாத கிருமி வளர இடம் கொடுத்துவிடுவோம். அங்கே ஸ்பூனை நம்பாதீர்கள்.

தராசு இருந்தும் பேக்கிங் பவுடர், ஈஸ்ட் போன்றவற்றை ஸ்பூனில் அளக்கச் சொல்கிறார்களே?

சரியாகத்தான் சொல்கிறார்கள். சாதாரணச் சமையலறைத் தராசு ஒரு கிராம் கணக்கில்தான் காட்டும். அது 3 என்று காட்டினால் உண்மையில் இரண்டரையும் இருக்கலாம், மூன்றரையும் இருக்கலாம். 500 கிராம் மாவில் அரை கிராம் ஒன்றும் செய்யாது. 3 கிராம் ஈஸ்டில் அரை கிராம் என்பது ஆறில் ஒரு பங்கு. போதாததற்கு, பல தராசுகள் மெதுவாகத் தூவும் சின்ன எடையைக் கணக்கில் எடுக்காமல் பூஜ்யத்திலேயே நின்றுவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக்கொண்டே இருப்போம், எண் அசையாது. அதனால் 10 கிராமுக்குக் கீழே இருப்பதைத் தலைதட்டிய ஸ்பூனில் அளப்பேன். உலர் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன் 3 கிராம், 7 கிராம் பொட்டலம் இரண்டே கால் டீஸ்பூன். தினமும் ரொட்டி சுடுகிறவர்கள் 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

கெட்டி வெண்ணெயைத் தராசு இல்லாமல் எப்படி அளப்பது?

அளவுக் கோடு போட்ட ஜாடியில் 120 மில்லி குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். வெண்ணெய்த் துண்டுகளைப் போட்டு, அவை முழுகும்படி கரண்டியால் அமுக்கிப் பிடியுங்கள். தண்ணீர் 240 கோட்டைத் தொட்டால் உள்ளே இருப்பது 120 மில்லி வெண்ணெய், அதாவது அரைக் கப், ஏறக்குறைய 115 கிராம். ஆர்க்கிமிடீஸ் பெயரோடு சேர்ந்து நினைவுக்கு வரும் அதே தத்துவம்தான். வெண்ணெய் மிதக்கும், அமுக்கிப் பிடிக்காவிட்டால் கணக்குத் தவறும். அமெரிக்கக் குறிப்புகளில் "ஒரு ஸ்டிக்" என்று வந்தால் அது 113 கிராம்.

நறுக்கிய, துருவிய பொருட்களைக் கப்பில் சொன்னால்?

தோராயம்தான். கேரட்டை நைசாகத் துருவினால் ஒரு கப்பில் அதிகம் அடங்கும், பெரிதாகத் துருவினால் குறையும். "நறுக்கிய பாதாம் ஒரு கப்" வேறு, "பாதாம் ஒரு கப், நறுக்கியது" வேறு. சூப்பிலும் சாலடிலும் இதற்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கேரட் கேக்கில் மட்டும் எடையைத் தேடிப் பாருங்கள், ஏனென்றால் கேரட் கூடவே தண்ணீரையும் கொண்டுவருகிறது.

குறிப்பைப் பாதியாக்கும்போது ஒன்றரை முட்டை வந்தால் என்ன செய்வது?

ஒரு பெரிய முட்டை, ஓடு நீக்கி, 50 கிராம் அளவு இருக்கும். இரண்டு முட்டையை உடைத்து வெள்ளையும் மஞ்சளும் கலக்கும்படி நன்றாக அடித்து, 75 கிராம் எடுத்தால் ஒன்றரை முட்டை. பெருக்கவும் வகுக்கவும் எடை எவ்வளவு வசதி என்பது இதுபோன்ற இடங்களில்தான் புரியும். ரொட்டி சுடுகிறவர்கள் மாவை 100 என்று வைத்து மற்றதைச் சதவிகிதத்தில் சொல்வதும் இதனால்தான். தண்ணீர் 65, உப்பு 2 என்றால், 500 கிராம் மாவுக்குத் தண்ணீர் 325 கிராம், உப்பு 10 கிராம். எத்தனை ரொட்டி வேண்டுமானாலும் மனக்கணக்கிலேயே போட்டுவிடலாம்.

எடையில் இவ்வளவு வசதி இருந்தும் கப் அளவு ஏன் நிலைத்தது?

முன்பு எல்லா வீட்டிலும் தராசு இல்லை, கப்பும் ஸ்பூனும் இருந்தன. பழைய குறிப்புகளில் "ஒரு கைப்பிடி", "முட்டை அளவு வெண்ணெய்" என்றெல்லாம் எழுதுவார்கள். 1896-இல் பாஸ்டனில் சமையல் பள்ளி நடத்திவந்த ஃபேனி ஃபார்மர் வெளியிட்ட சமையல் புத்தகம், தலைதட்டிய கப், தலைதட்டிய ஸ்பூன் என்பதை வலியுறுத்தி அமெரிக்காவில் பரவலாக்கியது. கைப்பிடியிலிருந்து தலைதட்டிய கப்புக்கு வந்தது அந்தக் காலத்தில் பெரிய முன்னேற்றம். கப்பைக் குறைத்துப் பேசுகிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கப்பில் மட்டுமே எழுதிய ஒரு குறிப்பை நான் கிராமுக்கு மாற்ற வேண்டும். எங்கே தொடங்குவது?

முதலில் எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்று பாருங்கள், கப் அளவு அதிலிருந்து தெரியும். அவருடைய வேறு குறிப்பில் எங்காவது மாவின் கப்பும் கிராமும் சேர்ந்து இருந்தால் அவருடைய கை எடை கிடைத்துவிடும். சிலர் 120 என்பார்கள், சிலர் 140 என்பார்கள். எதுவும் கிடைக்காவிட்டால் 125-இல் தொடங்குங்கள். மாவு குறைந்தால் சேர்க்கலாம், கூடினால் எடுக்க முடியாது.

முதல் தடவை செய்யும்போது ஒவ்வொன்றையும் கப்பில் அளந்து தராசில் இருக்கும் கிண்ணத்தில் கொட்டுங்கள், எடையைக் குறித்துக்கொண்டு பூஜ்யமாக்கி அடுத்ததைக் கொட்டுங்கள். பண்டம் நன்றாக வந்தால் அந்த எண்கள்தான் இனி உங்கள் குறிப்பு. கலவை கெட்டியாகத் தோன்றினால் அடுத்த முறை மாவில் 20 கிராம் குறைத்துப் பாருங்கள். மற்ற எதையும் அந்த முறை மாற்றாதீர்கள், இல்லாவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும்.